ரோட்டுக்குக் கீழே பதினொரு மரங்கள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு இப்போது எங்கே போய் நிற்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நாற்பது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. அதற்குள் எடை, சர்க்கரை, ராத்திரிக்குச் சப்பாத்தியா, வெறும் மோரா என்று ஆரம்பித்துவிடுகிறோம். போன மாதம் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் உடம்பைச் சோதித்தார்கள். வந்திருந்த டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். எதைப் பார்த்தால் உங்களால் நிறுத்த முடியாது என்று கேட்டாள். பிரியாணி, கேக் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். "சும்மா கிடைப்பதை" என்றேன். அவள் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு விளக்க முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேராவது என்னைப்போல் தின்று வளர்ந்தவர்கள்தான்.

எனக்குப் பத்து வயது. ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாக இறங்கும் ரோட்டில் பாதித் தூரம் போய், உள்ளே திரும்பினால் வரும் ஒரு காப்பி எஸ்டேட். அப்பா அங்கே வாட்சர். எஸ்டேட்டின் நடுவே ஜீப் ரோடு ஒன்று வளைந்து வளைந்து போகும். காப்பிச் செடிகளுக்கு நிழல் வேண்டும் என்பதற்காக நட்ட மரங்களுக்கு நடுவே பலா மரங்களும் நிறைய இருந்தன. ரோட்டுக்கு மேலே இருந்த பலா மரங்கள் வருஷா வருஷம் குத்தகைக்குப் போகும். அவற்றின் இடுப்பில் வெள்ளையாகச் சுண்ணாம்பு வளையம் போட்டிருக்கும். ரோட்டுக்குக் கீழே, நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளைச் சுற்றி, பதினொரு மரங்கள். அவை வேலைக்காரர்களுக்கு. எந்தக் காலத்திலோ இருந்த ஒரு துரை வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனது. அதற்குக் காகிதம் எதுவும் இல்லை. ஆனால் எந்த முதலாளி மாறியும் அது மாறவில்லை.

மேலே இருக்கும் மரங்களைக் கீழே இருக்கும் எங்களிடமிருந்து காப்பதுதான் சித்திரை முதல் ஆனி வரை அப்பாவின் வேலை. குரங்குகளிடமிருந்தும்தான். எங்களைவிட அவை சிரமம் என்று அப்பா சொல்வார்.

அந்த மாதங்களில் எஸ்டேட்டில் வேலை குறைவு. காப்பிப் பழம் பறித்து முடித்திருப்பார்கள். களை வெட்டவும் நிழல் மரம் கழிக்கவும் பாதி ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள். அரிசி டின்னில் அம்மாவின் கைப்படி சத்தமாகக் கேட்கும், அடிப்பகுதியில் உரசுவதால். சரியாக அந்தச் சமயம் பார்த்துப் பலா பழுக்கும். ஒன்றிரண்டாக இல்லை. ஒரே வாரத்தில் பதினொரு மரமும். காலையில் கதவைத் திறந்தால் வாசம் முகத்தில் வந்து மோதும். துணியில், தலையணையில், பள்ளிக்கூடப் பையில், அப்பாவின் காக்கிச் சட்டையில் எல்லாம் அதே வாசம். இரண்டு நாளில் மூக்குக்குப் பழகிவிடும். ஏற்காட்டு பஸ்ஸில் ஏறும்போதுதான், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சுற்றுலாக்காரர்கள் கைக்குட்டையை எடுப்பதைப் பார்த்து, நம்மிடம் வாசம் வீசுகிறது என்று தெரியும்.

காலையில் கஞ்சிக்குப் பதில் சுளை. மதியம் ராகிக் களிக்குத் தொட்டுக்கொள்ளப் பலாக்கொட்டைக் குழம்பு. சாயங்காலம் அடுப்புச் சாம்பலில் சுட்ட கொட்டை. அதற்கும் இதற்கும் நடுவில் மறுபடி சுளை. பிஞ்சாக இருக்கும்போதே பறித்து அம்மா கறி வைப்பாள். பழத்தை வெட்டுவதற்கு அப்பாவிடம் நுனி வளைந்த கொடுவாள் ஒன்று இருந்தது. கீழே சாக்கை விரித்து, கைக்கும் கொடுவாளுக்கும் தேங்காய் எண்ணெய் தடவுவார். எண்ணெய் வைத்திருந்தது ஒரு பவுடர் டப்பாவின் மூடியில். நீல நிறம், ஓரத்தில் பூக்கள். அந்த மூடியில் விரல் தொட்டு எடுக்கும்போது எண்ணெய்க்கு அடியில் பவுடர் வாசம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதை யார் எப்போது தூக்கிப் போட்டார்கள் என்று தெரியவில்லை. பலாப்பால் தலைமுடியில் ஒட்டிவிட்டால் மண்ணெண்ணெயில்தான் போகும். அதிலும் போகாவிட்டால் கத்தரிதான். எங்கள் லைன் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தக் காலத்தில் முன்முடி எகிறிக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் அம்மாவிடம் ஒரு கணக்கு உண்டு. உடம்பை அவள் ஒரு குதிர் போல நினைத்திருந்தாள். இப்போது நிரப்பி வைத்தால் பிறகு எடுத்துக்கொள்ளலாம். நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தால் இன்னும் நாலு சுளையை என் முன்னால் தள்ளுவாள்.

"மழை மாசத்துக்கும் சேத்துத் தின்னு சாமி. அப்ப என்ன கெடைக்கும்னு ஆருக்குத் தெரியும்."

நான் நல்ல பிள்ளை. சொன்னதைச் செய்தேன். அக்கா அப்படி இல்லை. என்னைவிட நாலு வயது மூத்தவள், தாவணி போட ஆரம்பித்திருந்தாள். ஆறு சுளைக்கு மேல் அவளுக்கு இறங்காது. எனக்கு எத்தனை இறங்கும் என்று யாரும் பார்த்து முடித்ததில்லை. பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்று அம்மாவைக் கேட்பாள்: "உன்ற சின்னவளுக்கு இருக்கறது வவுறா, காப்பிச் சாக்கா?" அம்மா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் பலாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொட்டை போட்டு முளைத்த பலாவில் ஒரு மரத்துப் பழம் போல இன்னொரு மரத்துப் பழம் இருக்காது. மலைக்குக் கீழே ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. கடையில் பெரியதா சின்னதா என்றுதான் பார்க்கிறார்கள். பம்ப்செட்டை ஒட்டி நின்ற மரத்தின் சுளை சின்னது, ஆரஞ்சு நிறம், கடித்தால் நறுக்கென்று உடையும். லைனுக்குப் பின்னால் சாய்ந்து நின்ற நொண்டி மரத்துச் சுளை வெளுப்பு, வழவழவென்று தொண்டையில் தானாகவே இறங்கிவிடும். தண்ணீர்த் தொட்டி மரத்தில் நார் அதிகம். அதன் கொட்டைத் தோல் லேசாகக் கசக்கும். மிளகுக் கொடி ஏறிய மரத்துப் பழத்தில் கடைசியில் ஒரு சுருக்கென்ற வாசம் வரும். கொடியால் அல்ல, அந்த மரமே அப்படி. எல்லாவற்றையும் மிஞ்சியது தேன் மரம். அதைப் பற்றி எழுதினால் இந்தக் குறிப்பு முடியாது.

சமையல்கட்டின் பின்சுவரில் கரித்துண்டால் கட்டம் போட்டு இதையெல்லாம் எழுதி வைத்தேன். மரம், நிறம், நார், கொட்டை, வாசம். பதினொரு வரிசை, ஐந்து கட்டம். ஏன் எழுதினேன் என்றால் அக்காவோடு பந்தயம். அவள் என் கண்ணைத் தாவணி முனையால் கட்டி, வாயில் ஒரு சுளையை வைப்பாள். எந்த மரம் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அவள் பங்கும் எனக்கு. தவறினால் என் பங்கு அவளுக்கு. எனக்குத் தவறவே இல்லை. ஆக, சரியாகச் சொல்லச் சொல்ல அதிகம் தின்றேன். அதிகம் தின்னத் தின்னச் சரியாகச் சொன்னேன். எஸ்டேட்டில் உள்ள எல்லா மரமும் எனக்குத் தெரியும் என்று லைன் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன்.

எல்லா மரமும் என்று சொன்னது பொய். மேலே இருந்த மரங்களில் ஒரு சுளைகூட நான் தொட்டதில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், வளையம் போட்ட மரத்திலிருந்து பெரிய பழம் ஒன்று தானாக விழுந்து ஜீப் ரோட்டின் நடுவே பிளந்து கிடந்தது. மஞ்சள் அல்ல, கிட்டத்தட்டச் செம்மண் நிறச் சுளை. எறும்புகூட இன்னும் வரவில்லை. அப்பா என்னோடு இருந்தார். ரோட்டில் கிடப்பது யாருடையது என்று கேட்டேன். ஒரே ஒரு சுளை என்றேன். அவர் துண்டை அவிழ்த்துப் பழத்தைச் சேர்த்துக் கட்டினார்.

"வளையம் போட்ட மரத்துப் பழம் கீழ உழுந்தாலும், மரத்து மேலயேதான் இருக்குதுன்னு நெனச்சுக்கோணும் கண்ணு."

அதை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு போய்க் குத்தகைக்காரரின் குவியலில் வைத்துவிட்டு வந்தார். வழியெல்லாம் அவர் சட்டையிலிருந்து அந்த வாசம் வந்தது. அன்றைக்கு அவரை எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அப்பா தேன் மரத்துப் பழம் ஒன்றை வெட்டினார். அக்கா தன் ஆறோடு நிறுத்திக்கொண்டாள். நான் நாற்பத்திரண்டு. கொட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்ததால் எண்ணிக்கை எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்கு மேல் ஒரு சொம்புத் தண்ணீரும் குடித்தேன். செய்யக் கூடாது என்று எல்லோரும் சொல்லும் காரியம் அதுதான். அடுத்த நாள் காலையில் இருந்து என் வயிறு என் பேச்சைக் கேட்கவில்லை.

அம்மா என்னைப் பஸ்ஸில் ஏற்றி ஏற்காட்டு டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனாள். அங்கிருந்த நர்ஸ் சிஸ்டர் என் உப்பின வயிற்றைத் தட்டிப் பார்த்தார். மெலிந்த கையையும் பார்த்தார். நான் அந்த நிலையிலும் அவர் மேஜையில் இருந்த பன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒழுங்காகச் சோறு போடுவதில்லையா, இந்தக் குழந்தை பட்டினி கிடந்த மாதிரி இருக்கிறதே, வயிறு முழுக்கப் பூச்சி என்று அம்மாவைக் கேட்டார்.  மழை மாதத்துக்கும் சேர்த்து ஊட்டியவளைப் பார்த்துப் பட்டினி போட்டதாகச் சொல்லிவிட்டார்கள். இளஞ்சிவப்பில் ஒரு மருந்து, கஞ்சித் தண்ணீர், ஒரு மாதத்துக்குப் பலாவைத் தொடக் கூடாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போது பன்னைப் பற்றிய நினைப்புத்தான்.

நான் படுத்துக் கிடந்த அந்த மூன்று நாளில்தான் எல்லாம் நடந்தது.

சேலத்திலிருந்து வரும் குத்தகைக்காரர் பழத்தை முற்றிய காயாகவே வெட்டி, காப்பி காயப்போடும் களத்தில் குவித்து, லாரியில் ஏற்றி மலைக்குக் கீழே அனுப்பிவிடுவார். அந்த வாரம் லாரி குப்பனூரிலேயே அச்சு முறிந்து நின்றுவிட்டது. குவியல் களத்திலேயே பழுக்க ஆரம்பித்தது. அவருக்குக் கோபம். அதே சமயம் லைன்காரர்கள், கீழே பம்ப்செட்டு மரத்திலும் தேன் மரத்திலும் முற்றின காய் ஒன்றுகூட இல்லாமல் யாரோ வெட்டிப் போயிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வாட்சர் நீதானே என்று அப்பாவிடம் வந்து நின்றார்கள். அப்பா நேராகக் களத்துக்குப் போனார். குவியலில் கீழ் மரத்துக் காய்களும் இருக்கும் போலத் தெரிகிறது, ஆட்களைக் கேளுங்கள் என்று குத்தகைக்காரரிடம் சொன்னார்.

குத்தகைக்காரர் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார். தன் மரங்களில்தான் பதினைந்து காய் குறைகிறது என்றார். சித்திரையில் தானே எண்ணிப் பார்த்ததாம். அந்தக் காய் எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால் வாட்சர் வீட்டுக் கொல்லையில் இருக்கும் சக்கைக் குழியைப் போய்ப் பாருங்கள் என்றார்.

கணக்கையும் ஆட்களையும் கவனித்த எஸ்டேட் ரைட்டர் வந்து பார்த்தார். லைனில் எல்லா வீட்டுக்கும் பின்னால் சக்கை போடும் குழி உண்டு. ஆனால் எங்கள் வீட்டுக் குழி மற்றதைப் போல இரண்டு மடங்கு நிரம்பியிருந்தது. அதில் அப்பாவின் பங்கு கால்வாசி, அக்காவின் பங்கு ஒரு கைப்பிடி. மற்றதெல்லாம் நான்.

ரைட்டர் நாளைக் காலையில் முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். வாட்சரே திருடினார் என்று ஆனால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். மாதக் கடைசிக்குள் லைனைக் காலி செய்ய வேண்டும்.  நேர்மையாக இருந்தால் அது தானாகவே தெரிந்துவிடும் என்று அப்பா நினைத்திருந்தார். அது அவருடைய கணக்கு. அம்மாவுடைய கணக்கைப் போலவே அதுவும் பலிக்கவில்லை.

காலையில் அக்காதான் என் பாயருகே உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னாள். கடைசியில், "அந்தக் குமியல்ல இருக்கறது நம்ம மரத்துதான்னு ஆரு சொல்லறது? பாத்தா எல்லாம் ஒண்ணாட்டத்தான் இருக்குது" என்றாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அம்மா தடுத்தாள். மருந்து குடிக்கிற பிள்ளை, நிற்கவே தெம்பில்லை என்றாள். அக்கா என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு களத்துக்கு நடந்தாள். வழியில் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது.

களத்தில் லைன் முழுக்கக் கூடியிருந்தது. அப்பா தடியை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றார். ரைட்டர் ஒல்லியான மனிதர். எதையும் காகிதத்தில் எழுதிப் பார்த்தால்தான் அவருக்குப் புரியும். அக்கா அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். குத்தகைக்காரர் சிரித்தார்.

"ஏனுங்க ரைட்டரே, கொழந்தைய வெச்சு வேடிக்கை காட்டறீங்களா? பலான்னாப் பலாதானுங்களே. அதுல என்ன இந்த மரம் அந்த மரம்?"

ரைட்டர் அவரை விட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்து, "நெசமாச் சொல்லிருவியா கண்ணு?" என்றார்.

"எல்லா மரமும் தெரியுங்க" என்றேன்.

அவர் செய்த ஏற்பாட்டை இன்றைக்கும் வியந்துகொள்கிறேன். மாதிரிகளுக்கு எண் போட்டு, எது எதுவென்று தெரியாதவர் கையில் கொடுத்துச் சோதிப்பது என் தினசரி வேலை. அந்த மனிதர் அதை யாரிடமும் படிக்கவில்லை. லைன் வீடுகளில் சாக்குப் போட்டு மூடிப் பழுக்க வைத்திருந்த கீழ் மரத்துப் பழங்களில் நாலைக் கொண்டுவரச் சொன்னார். எஸ்டேட் ஸ்டோர்காரரையும் குத்தகைக்காரரின் ஆள் ஒருவரையும் சேர்த்து மேலே அனுப்பி, வளையம் போட்ட மூன்று மரங்களிலிருந்து பழுத்த பழம் மூன்று வரவழைத்தார். குவியலில் இருந்து ஐந்தைத் தானே போய்ப் பொறுக்கினார். ஆகப் பன்னிரண்டு. கிடங்குக்குள் வெட்டச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு சுளை எடுத்து, வாழையிலைத் துண்டில் வைத்து, வரிசையைக் கலைத்து எண் போட்டார். அக்காவைத் தூரத்தில் நிறுத்தினார்.

என் கண்ணைக் கட்டத் தன் கைக்குட்டையை எடுத்தார். மூக்குப்பொடி வாசம் அடித்தது.

"இந்தத் துணி வேண்டாங்க. பொடி வாசத்துல பழ வாசம் தெரியாதுங்க."

சாக்குத் துணி கொண்டுவந்தார்கள். அதில் காப்பி வாசம். அதுவும் வேண்டாம் என்றேன். கூட்டத்தில் யாரோ, பட்டுத் துணி கொண்டாங்கப்பா என்றார்கள். கடைசியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்டோர்காரரின் மனைவி பின்னாலிருந்து வாயில் ஊட்டினாள்.

மூன்று நாளாக வெறும் கஞ்சித் தண்ணீர் இறங்கின வாய். முதல் சுளையைக் கடித்தபோது காது வரைக்கும் இனித்தது. நறுக்கென்று உடைந்தது.

"பம்ப்செட்டு மரம்."

இரண்டாவது நொண்டி மரம். மெல்லவே தேவைப்படவில்லை. மூன்றாவதை வாயில் வைத்ததும் எனக்குள் எல்லாம் நின்றுவிட்டது. தடித்த சுளை. நார் இல்லை. தேன் மரத்தைவிட ஆழமான இனிப்பு. என் பதினொரு வரிசையில் எதிலும் அது இல்லை. கொட்டையை நாக்கால் உருட்டிப் பார்த்தேன். தோலைக் கடித்துப் பார்த்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"தெரியலீங்க."

பின்னால் குத்தகைக்காரர் சிரிக்கும் சத்தம் கேட்டது. நாலாவது மிளகு மரம். ஐந்தாவது தெரியவில்லை. ஆறாவது தெரியவில்லை. ஏழாவது மறுபடி பம்ப்செட்டு மரம். எட்டாவது தண்ணீர்த் தொட்டி. ஒன்பதாவது தேன் மரம். அதை மட்டும் முழுங்கிவிட்டுச் சொன்னேன், சொல்லிவிட்டு முழுங்கவில்லை. பத்தாவது தெரியவில்லை. பதினொன்று பம்ப்செட்டு. பன்னிரண்டு தெரியவில்லை. வயிற்றுக்குள் ஏற்கெனவே ஏதோ புரள ஆரம்பித்திருந்தது. ஆனால் அழுகை வந்தது அதனால் அல்ல. எல்லா மரமும் தெரியும் என்று சொல்லியிருந்தேன். ஐந்து தெரியவில்லை. என்னால் அப்பாவின் வேலை போகப் போகிறது.

"அஞ்சு தெரியாமப் போச்சுங்க" என்று சுவரைப் பார்த்தே அழுதேன்.

ரைட்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தார். அவர் பேச ஆரம்பித்தபோது குரல் தாழ்வாகத்தான் இருந்தது. எல்லோரும் கிட்டே வந்தார்கள்.

"லைன் ஊட்டுல இருந்து வந்த நாலும் சரி. குமியல்ல நான் எடுத்த அஞ்சுல மூணு, கீழ் மரத்துதுன்னு சொல்லியிருக்குது. ரெண்டு பம்ப்செட்டு, ஒண்ணு தேன் மரம். ரெண்டும் காலியாக் கெடக்கற மரம்."

"மீதிய விட்டுப்போட்டுச் சொல்றீங்களே" என்றார் குத்தகைக்காரர். "அஞ்சு தெரியலையில்லீங்க."

"அதத்தான் சொல்ல வர்றேன். தெரியலைன்னு சொன்னதுல மூணு, உங்க ஆளும் கூடப் போயி வளையம் போட்ட மரத்துல இருந்து கொண்டாந்தது. மூணும் தெரியலை. ஒண்ணுகூடத் தெரியலை." அவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். "வாட்சரு ஊட்டுக்குள்ள மேல் மரத்துப் பழம் ஒரு தடவ போயிருந்தா, அது இந்தப் புள்ள வாய்க்குத் தப்பியிருக்குமா?"

 பக்கத்து வீட்டு அத்தைதான் முதலில் சிரித்தாள். அதன் பிறகு களம் முழுக்கச் சிரிப்பு. என் வயிற்றைப் பற்றி லைனில் அதுவரை சொன்ன கேலி எல்லாம் அந்தச் சிரிப்பில் ஒன்றாகச் சேர்ந்து சாட்சி சொன்னது.

குத்தகைக்காரர் விடவில்லை. சொல்லிக் கொடுத்திருப்பார்கள், தெரிந்தே தெரியாது என்று சொல்லியிருக்கும் என்றார். ரைட்டர் என் தோளைப் பிடித்துத் திருப்பி அவருக்கு என் முகத்தைக் காட்டினார். மூக்கு ஒழுகி, வாயெல்லாம் பலாச்சாறு.

"நடிக்கற மூஞ்சியாங்க இது? தோத்துட்டம்னு அழுவுது."

அதற்குள் மேலே போய் வந்த ஆள், தலையைச் சொறிந்துகொண்டு, கீழ் மரத்தில் ஏறுவது சுலபம், ரோட்டை ஒட்டி இருக்கிறது, நாலைந்து காய்தான் வெட்டினோம் என்று முனக ஆரம்பித்தான். குத்தகைக்காரர் அவனைத் திட்டினார். பிறகு தனக்குத் தெரியாமல் ஆட்கள் செய்துவிட்டார்கள் என்றார். அது நிஜமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மேல் மரத்தில் குறைந்த பதினைந்து காயைப் பற்றி அவர் கேட்டபோது, குரங்கைக் கேட்கும்படி ரைட்டர் சொன்னார். ஆனால் ஒன்றை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. குத்தகைக்காரர் அத்தனை பேர் முன்னாலும் அப்பாவிடம் திரும்பி, "வாட்சரு மேல தப்பில்லீங்க" என்று சொன்ன பிறகுதான் காகிதத்தை மடித்தார்.

பம்ப்செட்டு மரத்துப் பழங்களையும் தேன் மரத்துப் பழங்களையும் குவியலிலிருந்து பிரித்து எடுக்க வேண்டும். எது எது என்று காட்ட, பெண்கள் என்னையே கூப்பிட்டார்கள். முள்ளை மோந்தே சொன்னேன். அதற்கு மேல் தின்ன எனக்கு இடம் இல்லை. சொல்லப் போனால், உள்ளே போன பன்னிரண்டுக்கே இடம் இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து ரைட்டர் ஜீப் டிரைவரைக் கூப்பிட்டார். முதலாளி வரும்போது மட்டும் முன் சீட்டில் ஆள் உட்காரும் ஜீப் அது. என்னை முன் சீட்டில் உட்கார வைக்கச் சொன்னார். அப்பா பின்னால் ஏறிக்கொண்டார்.

களத்திலிருந்து லைனுக்கு ஒரு மைல்கூட இருக்காது. அதற்குள் ஜீப் மூன்று இடத்தில் நின்றது. மூன்று தடவையும் நான் இறங்கிக் காப்பிச் செடிகளுக்குள் ஓடினேன். மூன்று தடவையும் அப்பா இறங்கி, எனக்கு முதுகைக் காட்டி, தடியை ஊன்றிக்கொண்டு ரோட்டோரம் காவல் நின்றார். மூன்றாவது தடவை, தலையில் பலாவைச் சுமந்துகொண்டு லைன் முழுவதும் பின்னால் வந்து சேர்ந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கிட்டே வந்தார்கள். அப்பா கையை உயர்த்தினார். அவர் கழுத்து நிமிர்ந்திருந்தது எனக்குச் செடிகளுக்குள்ளிருந்து தெரிந்தது. மெட்ராஸிலிருந்து முதலாளி வந்திருக்கும்போது ஆட்களை ஒதுங்கச் சொல்வாரே, அதே குரலில் சொன்னார்:

"கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க. என்ற புள்ள உள்ள இருக்குது."